இடைவெளியில்லாத இணையமும் வளரும் பிள்ளைகளும்

பிறந்ததிலிருந்தே கையில் இணையத்தோடு வளர்கிற பிள்ளைகளுக்கு என்ன ஆகும், அவர்களுடைய மூளையே வேறு மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா என்பது கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை கெட்டுப்போய்விடும் என்ற பயத்துக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் வளர்கிற வயதில் ஒரு பிள்ளைக்குக் கட்டாயம் கிடைக்கவேண்டிய சில விஷயங்கள் உண்டு. போதுமான தூக்கம், யாரும் பார்க்காத கொஞ்ச நேரம், செய்த தவறை மற்றவர்கள் மறந்துவிடுவது, இப்படி. எந்நேரமும் கூடவே இருக்கும் இணையம் கைவைப்பது இவற்றில்தான். அதனால் ‘என் பையன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம்’ என்று கேட்கிறவர்களிடம், அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பதின்வயதுப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை, ஆராய்ச்சிகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன், இரண்டும் என்னைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் இதுதான்.

மூளை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எதைப் பழகினாலும் மூளையில் மாற்றம் நடக்கும். புதிய மொழி கற்றால் நடக்கும், வயலின் பழகினால் நடக்கும். எனவே ‘இணையம் மூளையை மாற்றுகிறது’ என்பது உண்மைதான் என்றாலும், அது மட்டும் தெரிந்து ஒரு பயனும் இல்லை. பயன்படக்கூடிய தகவல் வேறு. பருவமடையும் வயதில், மற்றவர்கள் நம்மை ஏற்றுக்கொள்கிறார்களா என்பதற்கு மூளை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டத் தொடங்குகிறது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை மெதுவாகத்தான் முதிர்கிறது. போன் வருவதற்கு முன்பும் இது இப்படித்தான் இருந்தது. பாராட்டுக்கு ஏங்கும் அந்த வயதில், பாராட்டை எண்ணிக் காட்டும் ஒரு கருவி 24 மணி நேரமும் கூடவே இருப்பதுதான் புதிது.

ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் மூன்று பெரிய கணக்கெடுப்புகளை, மொத்தம் 3,55,358 வளரிளம் பருவத்தினரின் பதில்களை, அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகளோடு தொடர்புபடுத்தக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று வந்தது. அதே தரவில் கண்ணாடி அணிவதற்கும் மனநலத்துக்கும் இருந்த எதிர்மறைத் தொடர்பு இதைவிடப் பெரிது. ஜீன் ட்வெங்கி, ஜோனத்தன் ஹைட் போன்றவர்கள் இதை ஏற்பதில்லை. 2010களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் பதின்வயதினரின் மனச்சோர்வு ஏறிக்கொண்டே போனதைக் காட்டி, எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்த காலமும் அதுதானே என்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது, ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைதான் போனை அதிகம் தேடிப் போகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது என்று கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் போன்றவர்கள் பதில் சொல்கிறார்கள்.

இந்தச் சண்டையில் என்னை உறுத்துவது, பெரும்பாலும் எல்லோரும் மணிக்கணக்கை வைத்தே பேசுகிறார்கள் என்பது. ‘தினமும் எவ்வளவு நேரம்’ என்று பிள்ளையிடமே கேட்டு வாங்கிய எண்தான் பல ஆய்வுகளில் இருக்கிறது, பெரியவர்களுக்கே அதைச் சரியாகச் சொல்ல வராது. அதோடு, அந்த மூன்று மணி நேரத்தில் ஒருத்தி கிதார் கற்றிருக்கலாம், இன்னொருத்தி கூடப் படிக்கிறவர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்தை வெறுத்திருக்கலாம். இருவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வரும். அதைக் காட்டி யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அந்த இரண்டாவது பெண்ணின் அம்மாவிடம் நான் எப்படிச் சொல்ல முடியும்?

காரணத்தையும் விளைவையும் ஓரளவு பிரித்துப் பார்க்க உதவிய ஆய்வு ஒன்று உண்டு. ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டில் தொடங்கி ஒவ்வொரு கல்லூரியாகத்தான் திறந்துவிடப்பட்டது, எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. அந்த வரிசையைப் பயன்படுத்தி, அது வந்து சேர்ந்த கல்லூரிகளையும் இன்னும் வராத கல்லூரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் சரிந்தது, மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதற்கு முக்கியமான வழியாகத் தெரிந்தது. அன்று அது கணினியில் பார்க்கிற ஒரு தளம் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். லைக் பட்டன்கூட 2009இல்தான் வந்தது.

சரி, நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை இந்த மாதம் ஒரு மாதிரி இருக்கும், அடுத்த மாதம் வேறு மாதிரி இருக்கும். ஒரு பேச்சு நடையைப் பிடித்துக்கொள்ளும், பிறகு விட்டுவிடும். தெரியாத விஷயத்தைப் பற்றி அடித்துப் பேசும், அசட்டுத்தனமாக யார்மேலோ ஆசைப்படும், ஒருவரைக் காயப்படுத்தும், பிறகு வெட்கப்படும். இவையெல்லாம் ஒத்திகை. ஒத்திகை நடக்கவேண்டுமானால் அரங்கில் ஆள் இருக்கக்கூடாது. முன்பு பார்வையாளர்கள் சில மணி நேரம்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கலைந்துவிடுவார்கள், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் வேறு உலகம். இப்போது அவர்கள் கலைவதே இல்லை.

யாராவது பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளின் நடத்தையையே மாற்றும் என்பது ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பே தெரிந்த செய்தி. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் நடத்திய சோதனையில் காரோட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாகவும் நண்பர்கள் முன்னிலையிலும் விளையாட வைத்தார்கள். பதின்வயதினர் கூட்டாளிகள் பார்க்கும்போது அதிகத் துணிச்சலோடு ஆபத்தை எடுத்தார்கள், வயதில் பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. பிறகு 2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லாரன் ஷெர்மனும் அவர் குழுவினரும் 32 பதின்வயதினரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு திரையில் படங்களைக் காட்டினார்கள். ஒரே படத்துக்குச் சிலரிடம் நிறைய லைக் இருப்பதாகவும் மற்றவர்களிடம் குறைவாகவும் காட்டினார்கள். லைக் அதிகம் தெரிந்த படத்துக்கே பிள்ளைகளும் அதிகம் லைக் போட்டார்கள், தங்கள் சொந்தப் படத்துக்கு லைக் குவிந்ததைப் பார்த்தபோது பரிசோ பாராட்டோ கிடைத்தால் வேலை செய்யும் மூளையின் வெகுமதிப் பகுதி நன்றாகவே விழித்துக்கொண்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் பிள்ளைகளிடம் பேசும்போது நான் கேட்பதோடு அது ஒத்துப்போகிறது.

இன்னும் நுணுக்கமான பாதிப்பு ஒன்று இருக்கிறது, இதை எந்த மணிக்கணக்கும் பிடிக்காது. வகுப்பில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் முன்பெல்லாம் ஓரிரவு இடைவெளி தானாகக் கிடைக்கும். கோபம் ஆறும், மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் பாதி தீர்ந்துவிடும். இப்போது சண்டை இரவு முழுக்க வாட்ஸப் குரூப்பில் ஓடுகிறது, சம்பந்தமே இல்லாத பத்துப் பேர் பக்கம் பிரிந்துகொள்கிறார்கள், யாரோ ஒருவர் பழைய உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டைத் தூக்கிப் போடுகிறார், அப்புறம் சம்பந்தப்பட்ட பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குரூப் முளைக்கிறது. விடிவதற்குள் விஷயம் முடிந்துபோயிருக்கும், ஆனால் ஆறிப்போய் முடிந்திருக்காது. மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் கற்றுக்கொள்வதற்கு இடைவெளி வேண்டும், அது இல்லாமல் போகிறது. ஸ்க்ரீன்ஷாட் வந்த பிறகு பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதவே தயங்குகிறார்கள் என்பதையும் பார்க்கிறேன். நெருங்கிய தோழிக்கு எழுதும்போதுகூட, இது வெளியே போனால் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினாலு வயதில் அவ்வளவு ஜாக்கிரதை தேவைப்படுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

உடல் தோற்றம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் அதே நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியது என்று சொன்னதாக இருந்தது. நிறுவனமே கேட்டு, நிறுவனத்துக்கே கிடைத்த பதில் அது. இதில் எனக்கு முக்கியமாகத் தெரிவது ‘ஏற்கெனவே மோசமாக உணர்ந்தவர்கள்’ என்ற பகுதி. இணையம் எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை, எங்கே வலி இருக்கிறதோ அங்கேதான் அழுத்துகிறது. அல்காரிதம் வேலை செய்யும் விதமும் அதற்குத் துணைபோகிறது. எதன்மேல் விரல் ஒரு நொடி அதிகம் நின்றதோ அதையே மேலும் மேலும் காட்டும், அந்த விரல் ஆசையில் நின்றதா வேதனையில் நின்றதா என்று அதற்குத் தெரியாது.

அடுத்து தூக்கம். எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லாத விஷயம் இது, சரிசெய்ய மிகச் சுலபமானதும் இதுதான். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்கவேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. பருவமடையும்போது உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும், அதனால் அந்த வயதில் தூக்கம் தாமதமாகத்தான் வரும், அது சோம்பேறித்தனம் கிடையாது. அதன்மேல் போனும் சேர்ந்தால் இரவு இன்னும் நீள்கிறது. எல்லோரும் திரையின் நீல வெளிச்சத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் நான் பார்த்தவரை பெரிய காரணம் வேறு. யாரோ ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். பார்த்துவிட்டாய் என்பது அவருக்குத் தெரியும், பதில் போடாவிட்டால் நாளைக்கு முகம் கொடுக்கவேண்டும். நடுஇரவில் விழித்திருக்கும் பிள்ளைகளில் பலர் ஆசைப்பட்டு விழித்திருப்பதில்லை, விலகினால் விட்டுப்போய்விடுவார்களோ என்ற பயத்தில் விழித்திருக்கிறார்கள். தூங்காத பிள்ளைக்குக் கவனம் நிற்காது, எரிச்சல் வரும், மனம் சோரும். இணையம் செய்வதாக நாம் சொல்லும் கேடுகளில் கணிசமான பகுதி உண்மையில் தூக்கமின்மை செய்வது.

கவனச் சிதறல் பற்றிக் கொஞ்சம். கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் ஸ்க்ரோல் முறையை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தவரும் அவரே. பக்கம் முடிகிற இடம் என்று ஒன்று இருந்தபோது, போதுமா என்று யோசிக்க ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தை எடுத்துவிட்டால் பெரியவர்களாலேயே நிறுத்த முடியவில்லை. பிள்ளையிடம் மனவுறுதி இல்லை என்று திட்டுவதற்கு முன் இதை யோசிக்கவேண்டும், ஏனென்றால் எதிரே இருப்பது நிறுத்தவிடக்கூடாது என்பதற்காகவே பல பொறியாளர்கள் சேர்ந்து செதுக்கிய பொருள்.

‘இந்தத் தலைமுறைக்கு இணையம் அத்துப்படி, நாம்தான் கற்றுக்கொள்ளவேண்டும்’ என்று பெருமையாகச் சொல்வதும் பாதிதான் சரி. ஆப்பைக் கையாளத் தெரிவது வேறு, அதில் வரும் செய்தி உண்மையா என்று எடைபோடத் தெரிவது வேறு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் மாணவர்கள், வரலாற்றாசிரியர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் என மூன்று பிரிவினருக்கும் ஒரே இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகப் படித்த மாணவர்களும், ஏன், வரலாற்றாசிரியர்களில் பலரும்கூட, பக்கத்தின் பளபளப்பான தோற்றத்தையும் லோகோவையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நேரத்தையே செலவிடவில்லை. உடனே வேறொரு டேபைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பள்ளியில் கற்றுக்கொடுக்க முடியும், கொடுத்தால் பலன் இருக்கிறது.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்கமாட்டேன். வகுப்பில் தன்னைப் போல யாருமே இல்லாத பிள்ளைக்கு இணையம் எவ்வளவு பெரிய துணை என்பது, அப்படித் தனியாக இருந்து பார்க்காதவர்களுக்குப் புரிவது கடினம். அரிய நோய் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை, திக்கிப் பேசுவதால் வாயே திறக்காத பிள்ளை, தன் பாலின ஈர்ப்பை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளை, சுற்றியிருக்கும் யாருக்கும் பிடிக்காத ஒரு துறையில் பைத்தியமாக இருக்கும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் ‘நீ ஒருத்தன் மட்டும் இல்லை’ என்று முதலில் காட்டியது பெரும்பாலும் ஒரு திரைதான். கற்பதற்கு வயதும் வசதியும் தடையில்லாமல் போனதும் சிறிய விஷயம் இல்லை. பதினைந்து வயதில் தானாகவே நிரல் எழுதவும் அனிமேஷன் செய்யவும் கற்றுக்கொண்டு, அந்தத் துறையில் இருக்கும் பெரியவர்களிடம் சமமாகப் பேசுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இணையத்தை ஒட்டுமொத்தமாகப் பிடுங்கும்போது முதலில் அடிபடுவது வேறு போக்கிடம் இல்லாத பிள்ளை என்பதை மறந்துவிடக்கூடாது.

எந்த வயதில் கொடுக்கலாம் என்பதுதான் எல்லோரும் கடைசியில் கேட்பது. பல தளங்கள் 13 என்று சொல்கின்றன. அது பிள்ளை வளர்ச்சியை ஆராய்ந்து வைத்த எண் என்று நினைக்காதீர்கள். 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றது, நிறுவனங்கள் அந்த எண்ணையே எல்லையாக வைத்துக்கொண்டன. 2022இல் ஆர்பன் குழுவினர் பிரிட்டன் தரவை வைத்துச் செய்த ஆய்வில், சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் ஓராண்டு கழித்து வாழ்க்கைத் திருப்தி குறைவது சில வயதுகளில் தெளிவாகத் தெரிந்தது: பெண்களுக்கு 11 முதல் 13 வரை, ஆண்களுக்கு 14, 15, பிறகு இருபாலருக்கும் 19இல். ஆக, பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, சரியாக அந்த மென்மையான காலம் முடியும் இடத்தில்தான் நாம் கதவைத் திறந்துவிடுகிறோம், அதற்கு முன்பே வயதை மாற்றிச் சொல்லி உள்ளே போனவர்கள் வேறு. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு கூடாது என்று 2024இல் சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பொறுப்பைப் பிள்ளைமேலும் பெற்றோர்மேலும் போடாமல் நிறுவனங்கள்மேல் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முந்தின நாள்வரை பூட்டிவைத்துவிட்டு 16ஆம் பிறந்தநாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால், பிள்ளை பழகுவது எப்போது?

என்னைக் கேட்டால், மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் சண்டை போடுவதைவிட, தொட முடியாத சில நேரங்களை உறுதிசெய்வது மேல். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கவேண்டும், பெற்றோரின் போனும் சேர்த்து. இதில் பெற்றோருக்கு விதிவிலக்கு கொடுத்தால் விதியே இரண்டு வாரத்தில் செத்துவிடும். இந்த ஏற்பாட்டில் பிள்ளைக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, ‘எங்கள் வீட்டில் பத்து மணிக்குப் போனை வாங்கிவிடுவார்கள்’ என்று நண்பர்களிடம் நம் தலையில் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். சில பிள்ளைகள் இதை என்னிடம் நன்றியோடே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் படத்தை நாம் பதிவிடும்போது அதனிடம் கேட்பது இன்னொன்று. யாரும் பார்க்காத வாழ்க்கை ஒன்று அதற்கு உண்டு என்று நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? பிள்ளைக்குத் தெரியாமல் அதன் போனில் உளவு பார்க்கும் ஆப் போடுவதை நான் ஏற்பதில்லை, சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தே மேற்பார்வை செய்வது வேறு விஷயம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ‘என்ன நடந்தாலும் என்னிடம் சொல், அதற்காகப் போனைப் பிடுங்கமாட்டேன்’ என்ற வாக்கை முன்கூட்டியே கொடுத்துவையுங்கள், கொடுத்தபடி நடங்கள். அந்தரங்கப் படத்தை வாங்கிவைத்துக்கொண்டு மிரட்டுகிறவர்களிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பதற்கு வெட்கம் ஒரு காரணம், போன் போய்விடும், அதோடு தன் நண்பர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள் என்ற பயம் இன்னொரு காரணம். மிரட்டுகிறவர்கள் நம்பியிருப்பது அந்த மௌனத்தைத்தான். அப்படி நடந்துவிட்டால் பணம் கொடுக்கவேண்டாம், கொடுத்தால் மேலும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைப் புகார் செய்து பிளாக் செய்துவிட்டுக் காவல்துறையிடம் போகலாம். காணாமல்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது, எந்த நாட்டிலிருந்தும் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம். படத்தை அவர்களுக்கு அனுப்பவேண்டியதில்லை. பிள்ளையின் போனிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகும், அது மட்டும் இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும், அதே படம் அவர்கள் தளத்தில் இருந்தால் கண்டுபிடித்து நீக்க அவர்களால் முடியும். 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு இது. அதற்குப் பிறகு எடுத்த படம் என்றால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் இதே முறையில் வேலை செய்கிறது.